பின்வரிசைத் தூண்கள்

ஜூன் 10

வேலாமுனைக்கு வந்து சேர்ந்தேன். விருந்தினர் விடுதி என்று பெயர். கதவைத் திறந்ததும் முந்தைய ஆள் விட்டுப்போன சிகரெட் வாடை. தலையணையைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கம் இன்னும் மோசம். என் துண்டை விரித்து அதன்மேல்தான் தலை வைக்க வேண்டும். எதைத் தொட்டாலும் நிலக்கரித் தூள். குழாயைத் திறந்தால் முதலில் கறுப்பாக வந்து, பிறகு பழுப்பாகி, அதோடு நின்றுவிடுகிறது.

இங்கே இருப்பது ஒரு தனியார் நிலக்கரி ஜெட்டி. கடலில் ஊன்றிய கான்கிரீட் தூண்களின் மேல், கரையை ஒட்டி நீளமாக ஒரு தளம். கப்பல் அதன் பக்கத்தில் வந்து அணைந்து நிற்கும். போன மாதம் ஒரு கப்பல் கோணலாக வந்து கிழக்கு முனையில் மோதிவிட்டது. இந்த மாதக் கடைசியில், இதுவரை வந்ததிலேயே பெரிய கப்பல் வரப்போகிறது. அதற்குள் ஜெட்டி நன்றாக இருக்கிறது என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது நான்.

எங்களுடையது ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனம். சபேசன் வேலை பிடிப்பார், நான் கணக்குப் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடுதான்.

ஜெட்டியின் மேலாளர் கிருபாகரன் கோயம்புத்தூர்க்காரர். பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறார். "வாங்க மேடம், பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? நீங்க சும்மா ஒரு ரவுண்டு பார்த்தா போதுங்க. ஒரு கீறல்கூட இல்லீங்க." சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். நானும் பார்க்க நேர்ந்தது.

வாசலில் இன்னொருவர் நின்றார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, உதட்டோரம் வெற்றிலைச் சிவப்பு. "வணக்கம் மேடம். நாந்தான் இடிச்சவன்" என்றார்.

கேப்டன் லாரன்ஸ் கொரேரா. வருகிற கப்பலில் ஏறி, அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற துறைமுக பைலட். சொல்லிவிட்டுத் திரும்பிக் கடலுக்குள் துப்பினார். மதியச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11

காலையில் தளத்தை மேலிருந்து பார்த்தேன். மோதிய இடத்தில் ரப்பர் மெத்தைகள் இரண்டு கிழிந்து தொங்குகின்றன. விளிம்பில் கான்கிரீட் சிதறியிருக்கிறது. பிறகு படகில் போய் முன்வரிசைத் தூண்களைப் பார்த்தேன். கப்பலுக்கு எதிரே நிற்பவை அவைதான். கைவைத்துத் தடவிப் பார்த்தேன். சிப்பி ஒட்டிய, பாசி படிந்த, ஆரோக்கியமான தூண்கள். கிருபாகரன் படகில் என்னோடு வந்தார், நான் தலையசைக்கும் ஒவ்வொரு முறையும் அவரும் தலையசைத்தார்.

நீருக்கடியில் எடுத்த படத்தை முக்குளிப்பவர் ஜஸ்டின் போட்டுக் காட்டினார். நான்கு வரிசைத் தூண்களிலும் பழுதில்லை.

சபேசன் கூப்பிட்டார். "எல்லாம் ஓகேதானே? ரெண்டு நாள்ல முடிச்சுட்டு வந்துடு. அந்த ஊர்ல உனக்குச் சாப்பாடு ஒத்துக்காது." என் மேல் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். காலை இட்லியில் ஒரு முடி இருந்தது.

ஜூன் 12

இன்று முழுக்கக் கணக்கு. விடுதி அறையில் காற்றாடி சுற்றச் சுற்ற நிலக்கரித் தூள் தாளில் இறங்கியது.

கப்பல் முன்னால் மோதுகிறது, அதனால் முன்வரிசைத் தூண்தான் அடிவாங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. மேலே தளம் விறைப்பானது. கப்பல் தள்ளினால் தளம் மொத்தமாக நகரும், அதோடு எல்லாத் தூண்களின் தலையும் ஒரே அளவு நகர்ந்தாக வேண்டும். நீளமான தூண் எளிதாக வளைந்துகொடுக்கும். குட்டையான தூண் வளையாது, எதிர்த்து நிற்கும், நின்று சுமையை வாங்கிக்கொள்ளும். நீளம் பாதியானால் வாங்குகிற சுமை எட்டு மடங்கு. கடலுக்குள் நிற்கும் முன்வரிசைதான் நீளமானது. கரைச் சரிவில் புதைந்து நிற்கும் பின்வரிசை குட்டை.

கட்டியபோது இந்த வித்தியாசம் அதிகமில்லை. அன்று கணக்குப் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் பெரிய கப்பல்களுக்காக முன்னால் கடலை ஆழப்படுத்தியிருக்கிறார்கள். முன்தூண்கள் இன்னும் நீளமாகிவிட்டன. சரிவு நழுவாமலிருக்கப் பின்னால் பாறாங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். பின்தூண்கள் கழுத்துவரை கல்லில் இறுகி, வளைய இடமில்லாமல் இன்னும் குட்டையாகிவிட்டன. இப்போது ஒரு முன்தூண் ஒரு பங்கு வாங்கினால் ஒரு பின்தூண் அறுபத்து நான்கு பங்கு வாங்கும். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அறுபத்து நான்குதான்.

மறுபடியும் ஜஸ்டினின் படத்தைப் போட்டேன். பின்வரிசை என்று காட்டிய தூணில் பிறை வடிவில் ஒரு சிப்பிக் கூட்டம். அதே சிப்பிக் கூட்டம் முன்வரிசையிலும் இருந்தது. ஒரே தூணை இரண்டு பெயரில் காட்டியிருக்கிறார்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கூச்சப்படக்கூட இல்லை. "அங்க எவன் மேடம் இறங்குவான்? லாரிக்காரனுவ பூரா அங்கதான் ஒதுங்குதானுவ. போன வருசம் ஒருத்தன் இறங்கி, ஒடம்பெல்லாம் சொறி. முன்னால பாத்தாப் போதும்னு மேனேஜரே சொல்லிட்டாரு."

ஜூன் 13

இறங்கினேன்.

எழுதவே கை கூசுகிறது. ஜெட்டியின் பின்பக்கம் கம்பி வேலி கிழிந்த இடத்தில் நுழைந்து, கற்சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டும். மேலே தளம், கீழே அரையிருட்டு. நீர் வடிந்த நேரம். கல்லுக்குக் கல் மலம். அழுகிய மீன் குடல், டீசல் படலம், பிளாஸ்டிக் பைகள், செத்த நாய் ஒன்று வயிறு ஊதி. நிலக்கரிச் சகதி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குழம்பு போல. மூக்கைப் பொத்திக்கொண்டால் பிடித்து நடக்க ஒரு கைதான் மிச்சம். பொத்தாமல் நடந்தேன். ஒரு கல் வழுக்கி, கையை ஊன்றிய இடம் எது என்று இங்கே எழுதப் போவதில்லை.

அந்த நாற்றத்துக்குள் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே இடுக்குகளில் சிந்தி விழும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறவர்கள். பின்தூண்களில் சாய்ந்து, நிழலில், தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு. முகம், கை, சோறு எல்லாம் கறுப்பு.

"யாரும்மா நீ? வழிதப்பி வந்துட்டியா?" என்றாள் ஒருத்தி. செல்லக்கிளி என்று பெயராம். ஐம்பது வயதிருக்கும்.

"தூணைப் பாக்கணும்."

"தூணப் பாக்க வந்தாளாம்டி!" எல்லோரும் சிரித்தார்கள். அவள் விரலைச் சப்பிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள்.

தூணின் தலை, தளத்தோடு சேருகிற இடம். கம்பித் தூரிகையால் சகதியைச் சுரண்டினேன். விரிசல். நகம் நுழைகிற அகலம். அடுத்த தூணிலும் அப்படி. அதற்கடுத்ததில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கிழக்கு முனையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஏழு தூண்கள். மோதலில் வந்த புது விரிசல் வெளுப்பாக இருக்கும். பாதிக்கு மேல் உள்ளே துரு ஏறிப் பழசாகியிருந்தன. கப்பல் இடிப்பதற்கு முன்பே விழுந்த விரிசல்கள்.

திரும்பி வரும்போது வாந்தி எடுத்தேன். செல்லக்கிளி தண்ணீர் நீட்டினாள். அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் மறுபடியும் எடுத்தேன்.

ஜூன் 14

மூன்று முறை குளித்தேன். போகவில்லை.

ஜூன் 15

கிருபாகரன் அறையில் படங்களைக் காட்டினேன். முதலில் அவர் முகம் செத்துப்போனது. பிறகு என்ன நினைத்தாரோ, பல்குச்சி வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது, முகம் மலர்ந்தது.

"அப்ப கேப்டன் இடிச்சதுலதான் இத்தனையும் ஆச்சுங்கிறீங்க."

"இல்லை. அதற்கு முன்னாலேயே ஆனது. இடித்ததில் கூடியிருக்கு."

"அதத்தானுங்களே நானும் சொல்றேன். அப்படியே எழுதிருங்க மேடம். இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம். ரிப்பேர் டிசைன் உங்களுக்கே குடுத்துடறோம். இந்தக் கப்பல் மட்டும் வந்துட்டுப் போயிரட்டும்."

வரக்கூடாது என்றேன். முன்னால் தோண்டியதும் பின்னால் கல் கொட்டியதும்தான் மூல காரணம், கணக்கே போடாமல் இதை அனுமதித்தது யார் என்று கேட்டேன். என் குரல் சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "என்ன மேடம், எங்களைக் கேக்கறீங்க? உங்க சார்தானுங்களே. இதே சேர்ல உக்காந்துட்டு, 'தாராளமா தோண்டுங்க, ஒண்ணும் ஆகாது'ன்னாரு. வீட்ல பேசிக்கறதில்லீங்களா?"

அந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.

ஜூன் 16

தூறல். சோப்பு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 17

சபேசனோடு பேசினேன். மறுக்கவில்லை.

"உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்த சமயம் அது. நீ திருநெல்வேலியில இருந்தே. உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்."

"ஒரு போன். ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே."

"கல்லு கொட்டினா பலம்தானே மங்கை? யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்லுவாங்க?"

"அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க? யாரையாவது கேட்கக் கூடாதுன்னுதானே?"

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம். முந்திரி. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"சரி, ஆனது ஆச்சு. விரிசல் இருக்குன்னு எழுது, நான் தடுக்கல. மோதினதால வந்ததுன்னு எழுது. தோண்டின விஷயம் ஒரு பத்திதானே? அதை மட்டும் எடுத்துடு."

"அந்தக் கேப்டன்?"

"அவருக்கு எப்படியும் ரிட்டயர் ஆகுற வயசு."

நான் கிருபாகரனைப் பார்த்துவிட்டு வந்த இந்த இரண்டு நாளில் இவர்கள் இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். வார்த்தைகூட மாறவில்லை. என் அம்மாவின் கடைசி நாட்களை இவர் ஒரு காரணமாக எடுத்து வைத்திருந்து நீட்டுகிறார். அன்று மருத்துவமனைக்கு ஒரு பெரிய பழக்கூடை அனுப்பியிருந்தார். நான்கூட நர்ஸ்களிடமெல்லாம் காட்டினேன்.

குமட்டுகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

ஜூன் 18

கொரேரா விடுதிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றார்.

"வெரசல் இருக்காம்லா மேடம். ஜஸ்டின் சொன்னான். அத எழுதாண்டாம். எழுதினா எம் மேலதான் போடுவானுவ. லைசென்ஸ் போயிரும். இத்தன வருசத்துல ஒரு கீறல் போட்டதில்ல நான். அன்னைக்கிக் காத்து ஒரு அடி அடிச்சிது, டக் படகு இழுக்க லேட்டாயிட்டு."

"எழுதத்தான் போறேன். ஆனா உங்களால மட்டும் வந்ததில்ல."

விளக்கிச் சொன்னேன். நீங்கள் ஒழுங்காக அணைத்திருந்தாலும் அந்த வரிசை இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ விட்டுப்போயிருக்கும் என்றேன். அவர் நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நம்பினார். நம்பியபோது சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை.

"அப்ப அந்தப் பெரிய கப்பலக் கொண்டாந்தா?"

"என்ன ஆகும்னு தெரியாது. கொண்டுவரக் கூடாது."

"நாந்தான மேடம் கொண்டாரணும்" என்றார். வழக்கப்படி துப்பப் போனவர், என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். அது அதைவிடக் கேவலமாக இருந்தது. ஆனாலும் இந்த ஊரில் எனக்காக ஒருவர் செய்த முதல் மரியாதை அதுதான்.

ஜூன் 20

அறிக்கையை அனுப்பிவிட்டேன். விரிசல், தோண்டியது, கல் கொட்டியது, மோதியது, எல்லாம். எந்தப் பத்தியையும் எடுக்கவில்லை. ஜெட்டிக்கு ஒன்று, துறைமுகங்களைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு ஒன்று. அலுவலகத்தில் ஃபோனை எடுத்தவர் "பரிசீலனைல இருக்கும்மா" என்றார். அது அவர் கைக்குப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாலைக்குள் எங்கள் நிறுவனத்தின் பெயரில் இன்னொரு அறிக்கை வந்துவிட்டது. போன வருஷம் நானே சேர்த்துக்கொண்ட இளைஞன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஜெட்டி பாதுகாப்பாக இருக்கிறது, சிறு பழுதுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோமுங்க" என்று கிருபாகரன் ஆள் அனுப்பினார். டவுனில் ஒரு லாட்ஜுக்கு மாறிவிட்டேன். இங்கே கரப்பான். ஆனால் தலையணை சுத்தம்.

கப்பலைக் கொண்டுவர முடியாது என்று கொரேரா சொல்லிவிட்டாராம். வீட்டிலேயே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு துறைமுகத்திலிருந்து பைலட் வருகிறார்.

சென்னைக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று தெரியவில்லை. டிக்கெட் கிடைக்காது என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

ஜூன் 24

கப்பல் வந்தது.

சாலையோரம் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். கொரேராவும் தன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். கப்பல், ஒரு தெரு முழுக்க எழுந்து வருவதுபோல இருந்தது. டக் படகுகள் இரண்டும் முனகிக்கொண்டு இழுத்தன. புது பைலட் கெட்டிக்காரர். பூவை வைப்பதுபோல வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

வெடி போட்டார்கள். கிருபாகரன் சால்வை போர்த்திக்கொண்டார். தளத்தில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார், வெங்காயத் தயிரோடு. கொண்டுவந்தவன், "மேடத்துக்கு ஸ்பெஷலா குடுக்கச் சொன்னாரு" என்று சிரித்தான்.

இத்தனை நாள் எதை எதையோ பார்த்து அருவருப்பு என்று எழுதியிருக்கிறேன். இன்றுதான் சரியான ஒன்றைப் பார்த்தேன். கப்பல் தொட்டு நின்ற அந்த நொடி, தளம் அசையாமல் நின்றபோது, எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விழுந்திருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொண்டது. அதன் மேல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே செல்லக்கிளியும் மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அது தெரிந்தேதான் அடித்துக்கொண்டது.

கொரேரா ஸ்கூட்டரைக் கிளப்பினார். "நல்லாத்தான் கொண்டாந்திருக்கான்" என்றார்.

ஜூன் 25

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

காலையில் வேலி ஓட்டை வழியாக மறுபடியும் இறங்கினேன். கப்பலிலிருந்து கரி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே லாரி போகும் அதிர்வு. கடலில் அலையெழுச்சி இருந்தது. ஒவ்வொரு முறை கப்பல் ஏறி இறங்கித் தளத்தை அழுத்தும்போதும், பின்வரிசையில் பல் அரைப்பதுபோல ஒரு சத்தம். கிழக்கு முனைத் தூண்கள் மூன்றுக்குத் தலை இல்லை. விரிசல் என்று சொல்ல ஒன்றுமில்லை, நொறுங்கிக் கம்பிகள் வெளியே பிதுங்கி வளைந்து நின்றன. நான்காவது தூண் என் கண் முன்னாலேயே ஒரு சில்லை உதிர்த்தது. பக்கத்துத் தூண்கள் விட்டதையும் சேர்த்து இப்போது அதுதான் வாங்கிக்கொண்டிருந்தது.

அதன் அடியில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கப்பல், நிறையக் கரி சிந்தும். அன்றைக்கென்று இன்னும் பலரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"எந்திரிங்க. எல்லாரும் வெளிய போங்க. இது இடியப்போகுது."

"நேத்தே விழும்னு சொன்னியாம்லா? எங்க விழுந்துச்சி?" என்றாள் செல்லக்கிளி. "போம்மா. இன்னைக்கி ஒரு நாளாச்சும் சாக்கு நெறையுது."

கெஞ்சினேன். கத்தினேன். தூணைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து பொறுக்கினார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, அவளுடைய சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினேன். ஈரக் கரி. அதிலிருந்து ஒழுகிய கறுப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. காலுக்குக் கீழே எது மிதிபடுகிறது என்று பார்க்கவில்லை.

"ஏய்! களவாணி முண்ட! எம் மூட்டையக் கொண்டா!" அவள் எழுந்து துரத்தினாள். மற்றவர்களும் ஓடிவந்தார்கள். வேலிக்கு வெளியே போட்டுவிட்டுத் திரும்பி இறங்கி இன்னொரு சாக்கைத் தூக்கினேன். ஒருத்தி என் முடியைப் பிடித்தாள். இன்னொருத்தி என் முகத்தில் துப்பினாள். துடைக்கக் கை காலியாக இல்லை. மூன்றாவது சாக்குக்கு நான் இறங்குவதற்குள் எல்லோரும் தங்கள் தங்கள் சாக்கைக் காப்பாற்ற அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

வேலியோரம் சண்டை. செல்லக்கிளி என் பரம்பரையையே இழுத்து நாறடித்தாள். இந்த வார்த்தைகளையெல்லாம் யாரும் என்னிடம் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் ஓடிவந்து என்னைத்தான் முதலில் பிடித்தான்.

அப்போது அந்தச் சத்தம். இடி போலவெல்லாம் இல்லை. பெரிய இரும்புக் கதவை யாரோ மெதுவாகச் சாத்துவதுபோல. கிழக்குப் பக்கம் தளத்தின் பின்விளிம்பு ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கியது. நின்றிருந்த லாரி பின்சக்கரத்தால் அதற்குள் உட்கார்ந்தது. டிரைவர் கதவைத் திறந்து குதித்து ஓடினான். கரித் தூசி மேகமாக எழுந்து எங்களை மூடியது.

தூசி அடங்கியபோது நாங்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தோம். அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் இல்லை. தளமும் கல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன.

செல்லக்கிளி வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். மறுபடியும் எண்ணினாள். கடைசியில் என் கையைப் பிடித்து முழங்கையை ஆராய்ந்தாள். எங்கோ கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. முந்தானையில் எச்சில் தொட்டு அதைத் துடைத்தாள்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 27

தொலைக்காட்சியில் சபேசன். நீலச் சட்டை, போன தீபாவளிக்கு நான் எடுத்தது. பின்னால் உடைந்த ஜெட்டி.

"எங்கள் நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்தது. எங்கள் பொறியாளர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துப் பலரைக் காப்பாற்றியிருக்கிறார். கப்பல் மோதியதில் ஏற்பட்ட சேதம் என்பது எங்கள் அறிக்கையிலேயே தெளிவாக இருக்கிறது."

என் பெயரைச் சொல்லவில்லை. ஒருவர். லாட்ஜ் வரவேற்பில் நின்று பார்த்தேன். அங்கே இருந்தவர் சத்தத்தைக் கூட்டி, "உங்க ஆபீஸ்தானம்மா?" என்றார்.

பிறகு சபேசன் ஊருக்குள் வந்து என்னைப் பார்த்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசினா போதும் மங்கை. உன்னைத்தான் எல்லாரும் கொண்டாடப் போறாங்க. அந்த ஒரு பத்தி மட்டும் வேண்டாம். நான் உள்ள போகணும்னு உனக்கு ஆசையா?"

அழுதார். நிஜமான அழுகைதான். மூக்கு ஒழுகியது. என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன், துடைத்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3

முழங்கைத் தையல் பிரித்தார்கள். வலி இல்லை. விசாரணை பதினோராம் தேதி.

ஜூலை 11

துறைமுக அலுவலகத்தில் ஒரு நீண்ட அறை. விசாரணை அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. ஒரு பக்கம் கிருபாகரனும் வக்கீல்களும். சுவரோரம் கொரேரா, புதுச் சட்டையில். சபேசன் முன்வரிசை நாற்காலியில் என்னையே பார்த்தபடி.

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் கோணலாக வந்தது உண்மை, அது பிழைதான் என்றேன். கொரேரா தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே அந்தத் தூண்கள் விரிந்திருந்தன என்றேன். படங்களில் துருவைக் காட்டினேன். முன்னால் தோண்டியது, பின்னால் கல் கொட்டியது, ஒரு தூணுக்கு ஒரு பங்கு, ஒரு தூணுக்கு அறுபத்து நான்கு. அதிகாரி தன் மேஜை மேல் இரண்டு பென்சில்களை, ஒன்றை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் பிடித்து வளைத்துப் பார்த்தார். குட்டை வளையவில்லை.

"ஆழப்படுத்தலாம், கல் கொட்டலாம்னு ஆலோசனை சொன்னது யாரும்மா?"

வக்கீல் எழுந்தார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார்.

"சபேசன்" என்றேன்.

"அவர் உங்களுக்கு?"

"கணவர்."

அறையில் ஒரு சலசலப்பு. கிருபாகரன் வாயிலிருந்து குச்சியை எடுத்துவிட்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தாள். "சார், உறவும் போடணுமா?"

அவர் இரக்கப்பட்டார் என்று நினைக்கிறேன். "வேண்டாம்மா. பேரும் பதவியும் போதும். குடும்ப விஷயம் எதுக்கு?"

சபேசன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இருபத்தோரு ஆண்டுகளாகக் கேட்கிற மூச்சு.

"போடுங்க" என்றேன். "அவர் சொன்னா நான் சரிபார்த்திருப்பேன்னு நம்பித்தான் எல்லாரும் அவரைக் கேட்டாங்க. அதனால போடுங்க."

அவள் போட்டாள்.